நாலு மணிக்கு ஒரு நாற்காலி

மதுரையில் நான் வேலை பார்த்த வங்கிக் கிளைக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. பாய்லர், பால் சட்டி, கண்ணாடிப் பெட்டியில் பஜ்ஜி, வாசலில் கால் ஆடும் பெஞ்சு இரண்டு. காலையில் பதினோரு மணிக்கும் சாயங்காலம் நாலு மணிக்கும் எங்கள் கிளையின் ஆண்கள் எழுந்து அங்கே போவார்கள். பெண்களுக்குக் கடைப் பையன் கம்பிக் கூட்டில் கிளாஸ்களைச் செருகிக்கொண்டு மேஜைக்கே வருவான். லெட்ஜருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வேலையைப் பார்ப்போம். ஏடு படிந்தபிறகு ஞாபகம் வந்து ஒரே மடக்கில் குடிப்போம். 32 வருஷத்தில் ஒருநாள்கூட நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை.

லண்டனில் இருக்கும் மகள், "அம்மா, சனிக்கிழமை உன்னை ஆஃப்டர்நூன் டீக்குக் கூட்டிட்டுப் போறேன். மூணு வாரத்துக்கு முன்னாடியே புக் பண்ணிட்டேன்" என்றபோது எனக்கு அந்தப் பெஞ்சுதான் ஞாபகம் வந்தது. ஒரு டீக்கு மூன்று வாரம் முன்பதிவா? ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டேன். சொல்ல மாட்டேன் என்றாள். அவள் குளிக்கப் போன நேரத்தில் மேஜைமேல் கிடந்த தாளைப் பார்த்தேன். 75 பவுண்டு. கிட்டத்தட்ட 8,000 ரூபாய். எங்கள் ஊர்க் கடையில் 500 டீ குடித்திருக்கலாம். அப்படிக் கணக்குப் போடுவதை நிறுத்தினால்தான் வெளிநாட்டில் சாப்பாடு இறங்கும் என்று தெரியும். ஆனால் வங்கிக்காரிக்கு அது அவ்வளவு சுலபமில்லை.

பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். ஓட்டலின் பெயர் வேண்டாம். வாசலில் தொப்பி வைத்த ஆள் கதவைத் திறந்துவிடும் ரகம். உள்ளே தொட்டிப் பனைகள், தொங்கும் கண்ணாடி விளக்குகள், மூலையில் பியானோ. உட்கார்ந்ததும் நான் முதலில் கவனித்தது, கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் பெண்கள். பாட்டியும் பேத்தியும், அக்காவும் தங்கையும், பள்ளித் தோழிகள்போலத் தெரிந்த ஆறு கிழவிகள். நாலைந்து மேஜைகளில் ஆண்கள் இருந்தார்கள். அவர்கள் முகத்தில் நம்மூர் ஜவுளிக்கடை மாடியில் மனைவிக்காகக் காத்திருக்கும் கணவன்மாரின் பொறுமை இருந்தது.

மூன்றடுக்குத் தட்டு வந்தது. கொலுப்படி மாதிரி. கீழ்த் தட்டில் சாண்ட்விச், நடுவில் ஸ்கான், மேலே விரல்நுனி அளவுக்குக் கேக்குகள். கீழிருந்து மேலே ஏற வேண்டும். உப்புக்குப் பிறகுதான் இனிப்பு. நம் இலையில் இனிப்பைத் தொட்டுத்தான் ஆரம்பிப்போம் என்றாலும், இந்த ஒழுங்கு எனக்குப் புரிந்தது. எதை முதலில் எடுக்க வேண்டும், எதைக் கையால், எதைக் கத்தியால் என்று சட்டம் வைத்துச் சாப்பிடுகிற எந்த ஊர்க்காரரும் எனக்கு அந்நியரில்லை.

சனிக்கிழமை என்பதால் எனக்குச் சைவம். வெள்ளரிக்காய் சாண்ட்விச் ஆறு துண்டு. ரொட்டியின் ஓரத்தை நறுக்கி எறிந்து, வெண்ணெய் தடவி, கண்ணாடிபோலச் சீவிய வெள்ளரியை அடுக்கி, இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டியிருந்தார்கள். வாயில் போட்டால் ஈரமும் கொஞ்சம் உப்பும்தான். பசிக்குப் பிரயோசனமே இல்லாத பண்டம். அதுதான் அதன் பெருமையும். குளிர் நாட்டில் வெள்ளரி விளையக் கண்ணாடி வீடு வேண்டும். 1845இல் கண்ணாடிமீதான வரியை நீக்கியபிறகு அப்படிப்பட்ட வீடுகள் பெருகின. உழைத்துச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் மட்டுமே இப்படி வயிறு நிறையாத ஒன்றைத் தின்ன முடியும். ஆஸ்கர் வைல்டின் 1895ஆம் ஆண்டு நாடகம் ஒன்றில், அத்தைக்கென்று செய்துவைத்த வெள்ளரி சாண்ட்விச் முழுவதையும் மருமகன் பேசிக்கொண்டே தின்று தீர்த்துவிடுவான். அவன் ஏன் அப்படித் தின்றான் என்பது எனக்கு அன்றைக்கு விளங்கியது. தின்பது தெரியவே தெரியாது. நானும் மகளும் தட்டைக் காலிசெய்த உடனே, கேட்காமலேயே இன்னொரு தட்டு வந்தது. எத்தனை முறை வேண்டுமானாலும் வருமாம். பந்தியில் "இன்னும் கொஞ்சம்" என்று இலையில் சரிப்பதை இவ்வளவு காசு வாங்குகிற இடத்தில் எதிர்பார்க்கவில்லை. 75 பவுண்டுமேல் இருந்த கோபம் அங்கே கொஞ்சம் தணிந்தது.

தேநீர்ப் பட்டியல் தனிப் புத்தகம். அஸ்ஸாம், டார்ஜிலிங், ஊவா, புகை வாசனை அடிக்கும் சீனத்து லாப்சாங், கடைசியாக நீலகிரி. நம் ஊர்ப் பெயரைப் பார்த்த கர்வத்தில் அதையே கேட்டேன். வெள்ளிக் கெண்டியில் வந்தது. பரிமாறிய இத்தாலிக்காரப் பையன் வடிகட்டியைக் கோப்பைமேல் வைத்து ஊற்றினான். தேன் நிறம். வாசனை அருமை. வாயில் வைத்தால், எங்கள் வீட்டில் "டிகாஷன் இறங்கலையே" என்று திருப்பி அடுப்பில் ஏற்றுகிற ரகம். சூடாக இருந்ததால் ஊதினேன்.

"ஊதாதம்மா!"

"பின்ன எப்பிடிக் குடிக்க?"

"ஆற விடு. இங்க யாரும் ஊத மாட்டாங்க. ஸ்பூனால சுத்தக் கூடாது, கோப்பையில இடிக்கக் கூடாது. முன்னயும் பின்னயும் மெல்லத் தள்ளணும். சுண்டுவிரலையும் நீட்டாதே."

சுண்டுவிரலை நீட்டுவதுதான் சீமைப் பழக்கம் என்று சினிமா பார்த்து நம்பியிருந்தேன். அது தெரியாதவர்கள் செய்வதாம். எங்கள் தாத்தா டீயைச் சாசரில் ஊற்றி, உஸ்ஸென்று உறிஞ்சிக் குடிப்பார். அவரை இங்கே கூட்டிவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு படித்துத் தெரிந்துகொண்டது: 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் பலரும் தாத்தா மாதிரிதான் சாசரில் ஊற்றிக் குடித்திருக்கிறார்கள். சீனாவிலிருந்து வந்த கோப்பைகளுக்கு அப்போது காதே கிடையாது.

பாலை முதலில் ஊற்றுவதா, டீயை முதலில் ஊற்றுவதா என்று ஒரு தீராத வழக்கும் உண்டு. கொதிக்கும் டீயை நேரே ஊற்றினால் மட்டமான பீங்கான் விரியும் என்பதால் ஏழை வீட்டில் பால் முதலில்; நல்ல பீங்கான் வைத்திருப்பவர் டீயை முதலில் ஊற்றித் தன் கோப்பையின் உசத்தியைக் காட்டுவார் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள். ஜார்ஜ் ஆர்வெல் 1946இல், டீ இன்னும் ரேஷனில் கிடைத்த காலத்தில், நல்ல டீக்குப் பதினொரு விதிகள் எழுதினார்; பால் பிறகுதான், சர்க்கரை கூடவே கூடாது என்றார். 1980இல் பிரிட்டனின் தர நிர்ணய நிறுவனம் டீயைச் சுவைத்துச் சோதிப்பதற்கென்று ஆறு பக்கத்தில் செய்முறை வெளியிட்டது: 100 மில்லிக்கு 2 கிராம் தூள், 6 நிமிடம் ஊற வேண்டும். நம்மூர் மாஸ்டர் அதைப் படித்தால், ஆறு நிமிடத்தில் நாற்பது கிளாஸ் ஆற்றியிருப்பேனே என்பார்.

இரண்டாவது கோப்பைக்குக் கெண்டியை எடுக்கும்போது மகள் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டுவிட்டுத் தமிழில் விளக்கினாள். நாலு பேர் உட்கார்ந்திருக்கும் மேஜையில் டீயை ஊற்ற முன்வருகிறவர், "நான் அம்மாவாக இருக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். யார் ஊற்றுகிறாரோ அவர் அந்தப் பொழுதுக்கு அம்மா. எனக்கு அது பிடித்துப் போயிற்று. "நீயே இரு" என்றேன். ஊற்றினாள். மேஜைவிரிப்பில் கொஞ்சம் சிந்தினாள்.

இந்த ஆஃப்டர்நூன் டீ வழக்கத்தை ஆரம்பித்தவர் என்று ஒரு பெண்ணின் பெயரைத்தான் சொல்கிறார்கள். பெட்ஃபர்டின் ஏழாவது டச்சஸ், அன்னா மரியா. விக்டோரியா மகாராணிக்குத் தோழியாக இருந்தவர். காலம் 1840 வாக்கில். அதற்குமுன் பகலிலேயே முடிந்துகொண்டிருந்த பெரிய சாப்பாடு, விளக்கு வசதி பெருகப் பெருகப் பின்னால் தள்ளிப்போய் ராத்திரி ஏழு, எட்டு மணிக்கு வந்து நின்றது. நடுவில் ஒப்புக்கு ஒரு கொறிப்பு. சாயங்காலம் நாலு மணிக்கு டச்சஸுக்கு வயிற்றைக் கிள்ளியிருக்கிறது. கேட்க வெட்கம். தன் அறைக்கே டீயும் ரொட்டியும் வெண்ணெயும் ரகசியமாக வரவழைத்தார். பிறகு தோழிகளையும் உள்ளே கூப்பிட்டார். ஊருக்குத் திரும்பிய தோழிகள் தங்கள் வீட்டில் கூப்பிட்டார்கள். டீயை அவர் கண்டுபிடிக்கவில்லை. வேளைகெட்ட வேளையில் பசிக்கிறது என்று ஒரு பெண் ஒத்துக்கொள்ள வழி செய்தார், அவ்வளவே. அதுவே பெரிய காரியம்தான். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்தபிறகு அடுப்படியில் நின்றுகொண்டு சாப்பிட்ட பெண்களுக்கு அது புரியும்.

பிற்பாடு அதற்கென்றே ஓர் உடுப்பும் வந்தது. இடுப்பை நெரிக்கும் கச்சையில்லாமல் தளர்வாகத் தொங்கும் டீ கவுன். நாள் முழுக்க இறுக்கிக் கட்டப்பட்டிருந்த பெண்கள் நாலு மணிக்கு அவிழ்த்துவிட்டு மூச்சு விட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு சின்னத் திருத்தம். நம்மூர் நட்சத்திர ஓட்டல்களும் கருத்தரங்கு அழைப்பிதழ்களும் "ஹை டீ" என்று பெருமையாக அச்சடிக்கின்றன. ஹை டீ என்பது பணக்காரர் சமாசாரமே இல்லை. ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை முடிந்து வந்த தொழிலாளிகள், உயரமான சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, இறைச்சியும் உருளைக்கிழங்கும் ரொட்டியுமாக டீயோடு சாப்பிட்ட ராச்சாப்பாடு அது. சீமாட்டிகள் சாய்வு நாற்காலியும் குட்டை மேஜையுமாக உட்கார்ந்து குடித்தது வேறு. ஹை என்ற சொல்லை வைத்து நாம் ஏமாந்தோம்.

டச்சஸ் டீ குடித்த அதே வருஷங்களில் வேறு சிலதும் நடந்தன. 1839 ஜனவரியில் அஸ்ஸாம் தேயிலை முதன்முதலாக லண்டன் ஏலத்துக்கு வந்தது, வெறும் எட்டுப் பெட்டி. அதே வருஷம் சீனாவோடு அபினிப் போர் தொடங்கியது. தேயிலைக்குக் கொடுக்க வெள்ளி போதாமல், இந்தியாவில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்றுக் கணக்கை நேர்செய்துகொண்டிருந்தார்கள். டச்சஸின் கோப்பையில் கரைந்த சர்க்கரை எங்கிருந்து வந்தது என்பது இன்னொரு கதை.

நீலகிரி டீயை ஆறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தபோது எனக்கு வால்பாறை ஞாபகம் வந்தது. மூன்று வருஷம் அங்கே கிளையில் இருந்தேன். தோட்டத்துப் பெண்கள் பணம் எடுக்க வருவார்கள். கொழுந்து பறித்துப் பறித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருக்கும்; கைநாட்டு வைத்தால் ரேகை சரியாக விழாது. மையை மறுபடி தடவி, துடைத்து, இன்னொரு விரலை முயற்சி செய்து, அவர்களும் சங்கடப்பட்டு நானும் சங்கடப்படுவேன். ஒருநாள் ஓர் அம்மாள், "ரேகையெல்லாம் செடியிலேயே போயிருச்சு தாயி" என்றார். காட்டில் டீ குடிக்கும் நேரத்தில் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு, சரிவில் நின்றபடியே, சட்டியிலிருந்து மொண்டு கொடுப்பதைக் குடிப்பார்கள். நல்ல இலை மூட்டையாகக் கீழே இறங்கிவிடும். அவர்கள் குடிப்பது தூளின் தூள். இதை மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மீதிக் கேக்கைப் பெட்டியில் போட்டுத் தரச் சொன்னாள்.

மறுநாள் ஸ்ட்ராண்ட் தெருவில் ட்வைனிங்ஸ் தேயிலைக் கடைக்குப் போனோம். 216ஆம் எண். இரண்டு பெரிய கட்டடங்களுக்கு நடுவே நசுங்கினாற்போல ஒடுக்கமான வாசல். மேலே ஒரு பொற்சிங்கம், இரண்டு பக்கமும் சீனர் சிலைகள். உள்ளே நீளமாகப் போகிறது, தெற்குமாசி வீதியின் பழைய கடைகளைப்போல. 1706இல் தாமஸ் ட்வைனிங் இந்த இடத்தில் ஒரு காப்பி நிலையத்தை வாங்கி டீயும் விற்க ஆரம்பித்தார். காப்பி நிலையம் அன்றைக்கு ஆண்களின் இடம். வியாபாரம், அரசியல், வம்பு, செய்தித்தாள் எல்லாம் அங்கேதான். எங்கள் கிளைக்கு எதிரிலிருந்த பெஞ்சுக்கு அது கொள்ளுத்தாத்தா. சீமாட்டிகள் வண்டியில் உட்கார்ந்தபடியே வேலைக்காரனை உள்ளே அனுப்பித் தேயிலை வாங்கிவரச் சொல்வார்களாம். பக்கத்திலேயே தனிக் கடை வைத்து உலர்ந்த இலையாக விற்கத் தொடங்கியபிறகுதான் பெண்கள் இறங்கி வந்து தாங்களே பார்த்து வாங்கினார்கள். வண்டிக்குள் காத்திருந்த அந்தப் பெண்களை நினைத்தபோது, கம்பிக் கூட்டோடு வந்த கடைப் பையனின் முகம் எனக்குத் துல்லியமாக ஞாபகம் வந்தது.

டீயை அரண்மனை நாகரிகமாக்கியதும் ஒரு பெண்தான். 1662இல் இரண்டாம் சார்லஸைக் கட்டிக்கொண்டு வந்த போர்ச்சுகல் இளவரசி கேத்தரின். அவர் கொண்டுவந்த சீதனத்தில் பம்பாயும் அடக்கம். சீதனமாக வந்த ஊரையும் கூடவே வந்த பழக்கத்தையும் ஆங்கிலேயர் லேசில் விடவில்லை. அப்போது தேயிலை தங்கத்துக்குச் சமம். பூட்டு வைத்த பெட்டியில் வைத்து, சாவியை வீட்டுத் தலைவி இடுப்பில் செருகிக்கொள்வார். வரி 119 சதவீதம்வரை ஏறியதால் கடத்தலும் கலப்படமும் கொழித்தன. மர இலைகளைக் காயவைத்துச் சாயமேற்றித் தேயிலை என்று விற்றார்கள். 1784இல் வரியை ஒரேயடியாக 12.5 சதவீதத்துக்குக் குறைத்ததும் கடத்தல்காரர்கள் பிழைப்பு கெட்டது. ஏழை வீட்டுக்கும் டீ போய்ச் சேர்ந்தது.

ஆனால் வீட்டுக்கு வெளியே ஒரு பெண் தனியாகப் போய் உட்கார்ந்து டீ குடிக்க இன்னும் எண்பது வருஷம் ஆனது. 1864இல் லண்டன் பாலம் அருகே ஏ.பி.சி. என்ற ரொட்டிக் கம்பெனி, தன் கடையில் பணிபுரிந்த மேலாளர் பெண்மணியின் யோசனைப்படி டீக்கடை ஒன்றைத் திறந்தது என்பார்கள். 1894இல் பிக்காடிலியில் லயன்ஸ் நிறுவனத்தின் முதல் டீக்கடை வந்தது, பிறகு ஊரெல்லாம். சாராயக் கடையாக இல்லாமல், துணைக்கு ஆண் வர வேண்டிய அவசியமில்லாமல், கழிப்பறை வசதியோடு, ஒரு பெண் காசு கொடுத்து நாற்காலியில் உட்காரக்கூடிய இடம். தட்டச்சுக்காரிகளும் கடைப் பெண்களும் அங்கேதான் மத்தியானம் சாப்பிட்டார்கள். வாக்குரிமை கேட்டுப் போராடிய பெண்கள் அங்கேதான் கூடிப் பேசினார்கள். ஆக்ஸ்ஃபர்ட் தெருவில் 1907இல் தொடங்கிய ஆலன்ஸ் டீ ரூம்ஸ் அவர்கள் கூட்டத்துக்குப் பெரிய அறையைச் சும்மாவே கொடுத்தது. பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படித்துதான் நம் ஆண்கள் அரசியல் கற்றார்கள். இங்கே பெண்களுக்கும் ஒரு பெஞ்சு கிடைத்திருக்கிறது.

லயன்ஸைப் பற்றி இன்னொன்று. அந்தக் கடைகளின் கணக்கு வழக்கு தாங்காமல் அவர்களே ஒரு கணினியைக் கட்டினார்கள். லியோ என்று பெயர். 1951 நவம்பரில் அது முதல் வேலையாக ரொட்டி, பலகாரங்களின் மதிப்பைக் கணக்கிட்டது. வியாபாரக் கணக்குக்காக ஒரு கணினி ஓடியது உலகத்திலேயே அதுதான் முதல்முறை. எங்கள் கிளைக்குக் கணினி வந்தபோது அது ஏதோ விண்வெளி ஆராய்ச்சியிலிருந்து இறங்கிவந்தது என்று பயந்தோம். பன்னுக் கணக்கிலிருந்து வந்தது என்று யாராவது சொல்லியிருந்தால் பயந்திருக்கவே மாட்டோம். இன்று ஏ.பி.சி.யும் இல்லை, லயன்ஸ் கடைகளும் இல்லை. பிக்காடிலியில் அந்த வாசலைத் தேடி நடந்து கால் வலித்ததுதான் மிச்சம்.

பேடிங்டனிலிருந்து பிளிமத்துக்கு ரயில். டாலிஷ் ஊரில் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது; 2014 புயலில் அங்கே கரை இடிந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. அன்றைக்குக் கடல் சாதுவாக இருந்தது. நாங்கள் போனது ஒரு சண்டையைப் பார்க்க. டெவன், கார்ன்வால் என்ற இரண்டு பக்கத்து மாவட்டங்கள். நடுவே டேமர் ஆறு. ஆற்றுக்கு இந்தப் பக்கம், டெவனில், ஸ்கானில் முதலில் பாலேடு, அதன்மேல் ஜாம். அந்தப் பக்கம் முதலில் ஜாம், அதன்மேல் பாலேடு. இதற்காக இவர்கள் நிஜமாகவே முறைத்துக்கொள்கிறார்கள். 2018இல் கார்ன்வாலின் லான்ஹைட்ராக் மாளிகை, அன்னையர் தினத்துக்குப் போட்ட விளம்பரப் படத்தில் பாலேட்டின்மேல் ஜாம் இருந்ததென்று ஊரே கொதித்தது. மாளிகை மன்னிப்புக் கேட்டது.

இந்தப் பாலேட்டைக் கிளாட்டட் கிரீம் என்கிறார்கள். நமக்குப் பழக்கப்பட்ட பண்டம்தான். கொழுப்பு மிகுந்த பாலையோ கிரீமையோ அகலத் தட்டில் மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வைத்து, அசைக்காமல் ஆறவிட்டால் மேலே பொன்னிறமாக ஓர் ஆடை கட்டும். குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டுமென்பது விதி. எங்கள் அம்மா பால் சுண்டக் காய்ச்சி, ஏட்டை விரலால் சுருட்டி, சர்க்கரை தொட்டு வாயில் வைப்பார். அதைப் பத்து மடங்கு கெட்டியாக்கினால் இது. ஸ்கான் என்பது பன்னுக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு பண்டம். அதைத் தனியாகத் தின்றால் தொண்டையை அடைக்கும். ஸ்கான் என்பதா, ஸ்கோன் என்பதா என்று அதற்கும் தனியாக ஒரு சண்டை இருக்கிறது. அதில் நான் தலையிடவில்லை.

பிளிமத்தில் சின்னக் கடை. ஓட்டலில் கேட்ட காசில் பத்தில் ஒரு பங்குதான். இரண்டு ஸ்கான், ஒரு கிண்ணம் ஏடு, ஒரு கிண்ணம் ஸ்ட்ராபெர்ரி ஜாம், ஒரு கெண்டி டீ. பரிமாறிய அம்மாளுக்கு எழுபது வயதிருக்கும். தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "வேறு என்ன வேண்டும், மை லவ்வர்?" என்றார். மகளுக்குப் புரையேறிவிட்டது. அந்தப் பக்கத்தில் ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்களாம். நம்முடைய "கண்ணு" மாதிரி. என் கல்யாணமாகி 36 வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை என்று மகளிடம் சொன்னேன். அப்பாவிடம் சொல்கிறேன் என்றாள்.

டீ இங்கே டீயாக இருந்தது. கறுப்பாக இறங்கி, பால் விட்டதும் செங்கல் நிறமாக மாறியது. டெவன் முறைப்படி ஏட்டைத் தடவி, மேலே ஜாம் வைத்துச் சாப்பிட்டேன். பிறகு ரயிலேறி ஆற்றைக் கடந்தோம். பொறியாளர் ப்ருனெல் கட்டிய இரும்புப் பாலம், முகப்பில் அவர் பெயரும் 1859 என்ற வருஷமும் பெரிய எழுத்தில். கொஞ்ச நேரத்தில் சால்டாஷ். அங்கே இறங்கி மறுபடி இரண்டு ஸ்கான். ஜாம் கீழே, ஏடு மேலே.

தீர்ப்பு சொல்லாமல் போனால் பயணத்துக்கு அர்த்தமில்லை. கார்ன்வால்தான். ஏடு மேலே இருந்தால் குளிர்ச்சி முதலில் நாக்கில் படுகிறது. பிறகுதான் ஜாமின் புளிப்பு. டெவன்காரர்கள் ஏட்டை வெண்ணெய் மாதிரி நடத்துகிறார்கள். அதன் மேன்மை அடியில் போய்விடுகிறது. தோசையில் எண்ணெயைக் குழைத்துப் பொடி தடவுவதா, பொடியைத் தூவி எண்ணெய் விடுவதா என்று எங்கள் வீட்டில் நடக்கும் தகராறுக்கு நான் சொல்லும் தீர்ப்பும் ஏறக்குறைய இதுவே. நாலு ஸ்கானுக்குப் பிறகு அன்றைக்கு ராத்திரி ரசம்கூட இறங்கவில்லை.

யார்க்கில் பெட்டீஸ் என்ற புகழ்பெற்ற கடைக்கும் போனோம். ஸ்விட்சர்லாந்திலிருந்து பிழைக்க வந்த ஒருவர் 1919இல் ஹாரகேட்டில் ஆரம்பித்தது. யார்க் கிளை 1937. பெட்டி யார் என்பது இன்றுவரை விடுகதை. முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே வந்த விமானப்படை இளைஞர்கள், வைரப் பேனாவால் தங்கள் பெயரை அதில் கீறியிருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பெயர்கள். கீறிவிட்டுப் போனவர்களில் பலர் திரும்பி வரவில்லை. அதைப் பார்த்தபிறகு கேக்கைப் பற்றி எழுத மனசு வரவில்லை.

ஊர் திரும்ப நாலு நாள் இருக்கும்போது மகள், "இதுவரைக்கும் பார்த்தது எல்லாம் வேஷம்மா. நிஜத்தைப் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை ஒரு கிராமத்துக்குப் போகலாம்" என்றாள். 1927இலிருந்து இங்கே ஒரு பழக்கம். செவிலியர் உதவி நிதிக்காக, தோட்டம் வைத்திருப்பவர்கள் வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் வேலிக்கதவைத் திறந்துவிடுவார்கள். முதல் வருஷம் 609 தோட்டங்கள், தலைக்கு ஒரு ஷில்லிங். இப்போது 3,000க்கும் மேல். தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கலாம். முக்கியமாக, டீயும் வீட்டில் செய்த கேக்கும் கிடைக்கும். பலர் ரோஜாவைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு கேக்குக்குத்தான் வருகிறார்கள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

ஹார்ட்ஃபர்ட்ஷயரில் ஒரு கிராமம். புல்வெளியில் மடக்கு நாற்காலிகள், ஒன்றோடொன்று பொருந்தாத மேஜைகள், கோப்பை ஒரு பூப்போட்டது, சாசர் வேறு பூப்போட்டது. கார் கொட்டகையில் பெரிய பாத்திரத்தில் வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. பாய்லரின் சீமை அவதாரம். நடுவே ஜாம் வைத்த விக்டோரியா கேக், எலுமிச்சைக் கேக், காப்பி வால்நட் கேக். ஒவ்வொன்றின் முன்னும் செய்தவர் பெயர் எழுதிய சீட்டு. எந்தக் கேக் முதலில் தீர்கிறது என்று அந்தப் பெண்கள் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எலுமிச்சைக் கேக் ஜெயித்தது.

இடமில்லாததால் எங்கள் மேஜையில் ஒரு வயதான தம்பதி வந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு எண்பது தாண்டியிருக்கும். வெள்ளை மீசை, தடித்த கண்ணாடி. கெண்டியைக் கையில் எடுத்து, எங்கள் மூன்று பெண்களையும் சுற்றிப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் அம்மாவாக இருக்கட்டுமா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை. கை நடுங்க நடுங்க நாலு கோப்பைக்கும் சமமாக ஊற்றினார். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

மழை வந்தது. ஓடுவார்கள் என்று நினைத்தேன். குடை வைத்திருந்தவர்கள் விரித்தார்கள். இல்லாதவர்கள் சாசரைக் கோப்பைமேல் கவிழ்த்துக்கொண்டார்கள். பேச்சு நிற்கவில்லை. தூறல் விட்டதும் நான் எழுந்து, எங்கள் மேஜைக் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். உள்ளே மூன்று பெண்கள் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன். அறுபது வருஷப் பழக்கம். கை சும்மா இராது. நாலு கோப்பை துடைத்திருப்பேன். சிவப்பு ஏப்ரன் கட்டிய ஒருத்தி வந்து என் கையிலிருந்த துணியை மெதுவாக வாங்கிக்கொண்டு, சுவரைக் காட்டினாள். அங்கே ஒரு தாள் ஒட்டியிருந்தது. இரண்டு மணியிலிருந்து ஐந்து மணிவரை அரை மணிக்கு அரை மணி கட்டம் போட்டு, யார் கழுவுவது, யார் ஊற்றுவது, யார் போய் உட்காருவது என்று பெயர் எழுதியிருந்தார்கள். ஆண்கள் பெயர்களும் இருந்தன. தாளில் விரலை மேலிருந்து கீழ்வரை ஓட்டிக் காட்டினாள். என் பெயர் எந்தக் கட்டத்திலும் இல்லை.

திரும்பி வந்தேன். என் நாற்காலியில் யாரும் உட்கார்ந்துவிடாதபடி மகள் தன் கைப்பையை வைத்திருந்தாள். ஈரத்தைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மீசைக்காரர் இரண்டாவது கெண்டி வாங்கப் போயிருந்தார்.